உதிரி

பழம் வேகவைப்பது என் தொழில்,
கோலக் கெட்டில் ஆலையில், பதினாறு வருடமாய்.
கூண்டு கூண்டாய்ச் செம்பனைக் குலை உள்ளே போகும்.
கதவைப் பூட்டி ஆவியைத் திறந்தால்
தொண்ணூறு நிமிடம்.
ஒரு தடவைக்கு முப்பது டன்.
அதில் ஒரு பழம் தின்றவர் கிடையாது.

தவமலருக்குக் கூலிமில் கையுறைக் கம்பெனி, இரவு ஷிப்டு.
விடிவதற்குள் ஆயிரமாயிரம் கைகளை
எண்ணிப் பெட்டியில் அடுக்குபவள்.
காலை ஏழு பத்துக்கு அவள் பஸ்.
ஏழு நாற்பதுக்கு என் மோட்டார்.
நடுவில் இருக்கிற அரை மணி நேரத்துக்குப் பெயர்
குடும்பம்.

அந்த அரை மணிக்குள்தான்
புதன்கிழமை கேட்டுவிட்டேன்,
'உன் சம்பளமெல்லாம் எங்கே போகுது?'
கேட்டது ஐந்து நொடி.
பிறகு மூன்று நாள்
கெட்டில் கொதிக்கிற சத்தம்தான் வீட்டில்.

மன்னிப்பு என்ற சொல்
என் வாயில் எந்தப் பக்கமாக வரும் என்று தெரியவில்லை.
வெள்ளி இரவுச் சந்தையில்
ஐந்து வெள்ளிக்கு ஆறு ஆப்பிள் வாங்கினேன்.
அடிபட்ட ஏழாவதைச் சீனர் சும்மா போட்டார்.

வீட்டில் ஓர் அவன் உண்டு.
யூனியன் விருந்துக் குலுக்கலில் விழுந்தது.
மூன்று வருடம் அலமாரி மேல் பெட்டியோடு கிடந்ததை
இறக்கிவைத்த அன்று அவள் ஒரு தாள் ஒட்டினாள்:
'அவனை மாதம் ஒரு தடவையாவது சூடாக்க வேண்டும்.'
அவள் தம்பி படித்துவிட்டு
என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு
தீபாவளி வரைக்கும் ஓடியது.

சனிக்கிழமை ஐந்தரைக்கு எழுந்தேன்.
தோல் நீளமாய் வரவில்லை, அறுந்து அறுந்து விழுந்தது.
குலா மலாக்காவைச் செதுக்கி, பட்டை இடித்து,
எலுமிச்சை பிழிந்து, மங்குத் தட்டில் பரப்பினேன்.
மாவும் பட்டரும்
பிசையக் கூடாதாம், விரல் நுனியில் உதிர்க்க வேண்டுமாம்.
பட்டர் தாளில் மலாயில் போட்டிருந்தது.
முரட்டுக் கை இது, வால்வு திருகிய கை.
இரண்டு தடவை களியானது.
மூன்றாவது தடவை
மழைக்கு முந்தின மணல் மாதிரி வந்தது.

அழுத்த மானி இல்லை. சங்கு இல்லை.
நூற்றெண்பதில் வைத்துவிட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
கண்ணாடிக்குள் ஓரங்கள் பொங்கின.
பழம் வெந்தால்
பசிக்கிற மாதிரி ஒரு வாசம் வரும் என்பது
பதினாறு வருடத்தில் எனக்கு யாரும் சொல்லாத சேதி.

ஏழு பத்து. பஸ் இல்லை.
ஏழு இருபது.
ஏழு இருபத்திரண்டுக்குப் போனில் எழுத்து:
'சிம்பாங்ல லோரி கவிழ்ந்துருச்சு.'
மூன்று நாளில் முதல் வரி.
கோபம் இருக்கிறதா என்று பார்த்தேன்.
எழுத்தில் தெரியவில்லை.

தட்டைத் துண்டில் சுற்றி
மோட்டார் கூடையில் வைத்து, குறுக்கே கயிறு கட்டி
பள்ளம் பார்த்துப் பள்ளம் பார்த்துப் போனேன்.

சாலை முழுக்க உதிரிப்பழம்,
எங்கள் ஆலைக்கு வந்துகொண்டிருந்தது.
வங்காளப் பையன்கள் வாரிக்கொண்டிருந்தார்கள்.
சக்கரம் ஏறினால் எண்ணெய், வழுக்கியது.
தள்ளிக்கொண்டே நடந்தேன்.
ஏழாவது ஜன்னலில் அவள்,
முகக்கவசம் ஒரு காதில் தொங்க, தூங்கியும் தூங்காமலும்.
தட்டினேன்.
கண்ணாடி நகர்ந்தது.
துண்டோடு நீட்டினேன். இன்னும் சூடு.

கரண்டி எடுத்து வரவில்லை.
நோர்ஹயாத்தி எட்டிப் பார்த்தாள்,
பின்சீட்டு மியன்மார்ப் பெண்கள் எழுந்து வந்தார்கள்,
ஓட்டுநர் பக் மான் இஞ்சினை அணைத்துவிட்டு வந்தார்.
இரவெல்லாம் கையுறை அடுக்கிய கைகள்
வெறுங்கையாய்த் தட்டுக்குள் இறங்கின.
யாரோ 'பானாஸ்' என்று விரலை ஊதினாள்.

தவமலர் கடைசியாய் எடுத்தாள்.
மென்றாள். வெளியே பார்த்தாள்.
'நடுவுல வேகல' என்றாள்.
பிறகு இன்னொரு விள்ளல் எடுத்தாள்,
அந்த நடுவிலிருந்தே.

எட்டு நிமிடம் தாமதம்.
பஞ்ச் கார்டில் சிவப்பு மை.
பத்து மணிக்கு அந்த லோரிப் பழம் வந்தது,
தார்ப்பொடியும் மண்ணுமாய்.
கூண்டில் ஏற்றி, கதவைப் பூட்டி
ஆவியைத் திறந்தேன்.

தொண்ணூறு ஆனதும் நிறுத்தவில்லை.
இரண்டு நிமிடம் கூட விட்டேன்.